பழைய புரொபஷனல் கேமரா வாங்கலாமா? நிக்கான் டி1எக்ஸ் ஒரு பார்வை

செகண்ட் ஹேண்ட் பொருட்கள் விற்கும் இணையதளங்களில் தேடினால் "புரொபஷனல் டிஜிட்டல் கேமரா, நல்ல கண்டிஷன்" என்ற விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல சமயம் அது இருபது, இருபத்தைந்து வருடப் பழைய கேமராவாக இருக்கும். அந்த வரிசையில் ஒன்றுதான் நிக்கான் டி1எக்ஸ். 2001-ல் வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 5,000 டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய்க்கும் அதிகம். இன்று ஒரு சாதாரண மொபைல் போன் விலைக்கும் குறைவாகவே கிடைக்கிறது. வாங்கலாமா என்று பலருக்கு ஆசை வரும். எனக்கு இந்தக் கேள்வி வேறு வழியாக வந்தது. ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த என் சித்தப்பா கடையை மூடியபோது, 2005-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய தன் டி1எக்ஸை என் கையில் கொடுத்து, "இதை வித்துடலாமாடா, இல்ல நீ வச்சுக்கிறியா?" என்றார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிக்கள்.

நான் சாப்ட்வேர் எழுதுகிறவன், புகைப்படத் தொழில் தெரிந்தவன் இல்லை. ஆனால் எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்ததில் ஒன்று புரிந்தது. இதில் இரண்டு பொருட்கள் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஒன்று கேமரா, மற்றொன்று கம்ப்யூட்டர். கேமராவுக்கு இன்னும் வயதாகவில்லை. கம்ப்யூட்டருக்கு நன்றாகவே வயதாகிவிட்டது. பழைய கேமரா வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து விலை பேச வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

1991-ல் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ் என்ற கேமராவில், நிக்கான் எஃப்3 பிலிம் கேமராவின் உடம்போடு 13 லட்சம் பிக்ஸல் சென்சார் இணைக்கப்பட்டிருந்தது. படங்களைச் சேமிக்க 200 எம்.பி. ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரும் கேமராவும் அன்று நிஜமாகவே இரண்டு மூட்டைகள். 1999-ல் நிக்கான், டி1 மூலம் எல்லாவற்றையும் ஒரே உடம்புக்குள் தானே வடிவமைத்து அடக்கியது. 27 லட்சம் பிக்ஸல், ஜப்பானில் விலை 6,50,000 யென். பத்திரிகை புகைப்படக்காரர்கள் பலரை பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு இழுத்து வந்த கேமராக்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. 2001 பிப்ரவரியில் இதன் அடுத்த தலைமுறையாக இரண்டு மாடல்களை அறிவித்தார்கள். வேகம் வேண்டுபவர்களுக்கு டி1எச், அதிக பிக்ஸல் வேண்டுபவர்களுக்கு டி1எக்ஸ்.

சதுரமாக இல்லாத பிக்ஸல்

டி1எக்ஸ் பற்றிப் பேசினால் இதைச் சொல்லாமல் நகர முடியாது. கம்ப்யூட்டர் பழகியவர்களுக்கு பிக்ஸல் என்றாலே சிறிய சதுரம்தான் நினைவுக்கு வரும். டி1எக்ஸ் சென்சாரின் பிக்ஸல்கள் சதுரம் அல்ல, செவ்வகம். சென்சாரின் அகலம் 23.7 மி.மீ., அதில் 4,028 பிக்ஸல்கள். உயரம் சுமார் 15.6 மி.மீ., அதில் வெறும் 1,324 பிக்ஸல்கள். வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிக்ஸலின் அகலம் சுமார் 5.9 மைக்ரான், உயரம் 11.8 மைக்ரான். அதாவது அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம்.

இந்தத் தகவலை அப்படியே மானிட்டரில் காட்டினால் எல்லோரும் பூசணிக்காய் போலக் குட்டையாகப் பருத்துத் தெரிவார்கள். ஆகவே கேமராவுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அகலத்தை 4,028-லிருந்து 3,008 ஆகச் சுருக்குகிறது, உயரத்தை 1,324-லிருந்து 1,960 ஆக இழுக்கிறது. நமக்குக் கிடைக்கும் ஜேபெக் பைலில் 59 லட்சம் பிக்ஸல்கள். சென்சாரில் உண்மையில் இருப்பது 53 லட்சம். ஒரு பக்கம் இருந்ததை விட்டுவிட்டு, மறுபக்கம் இல்லாததை ஊகித்து நிரப்பியிருக்கிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. டேவ் காஃபின் என்ற புரோகிராமர் 1997-ல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற இலவச புரோகிராமில் டி1எக்ஸின் ரா பைலைக் கொடுத்தால், அது அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கி, 1 கோடிக்கும் சற்று அதிகமான பிக்ஸல் கொண்ட படத்தைத் தருகிறது. அதே கமாண்டில் ஜே என்ற ஸ்விட்சைச் சேர்த்தால் இழுக்காமல் விட்டுவிடும். நசுங்கிய அந்தப் படம்தான் சென்சார் பார்த்த படம். விளம்பரத்தில் யாராவது "10 மெகாபிக்ஸல் வரை எடுக்கலாம்" என்று எழுதியிருந்தால் அது இந்த இழுத்த கணக்குதான். நம்பி விலையைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

நடைமுறையில் இதன் விளைவு என்ன? கேமராவை நேராகப் பிடித்து எடுக்கும்போது, தூண், ஜன்னல் கம்பி போன்ற செங்குத்தான கோடுகள் நன்றாகப் பதிகின்றன. படிக்கட்டு, ஓட்டு வரிசை போன்ற படுக்கைக் கோடுகளில் அந்தக் கூர்மை இல்லை. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் இது தலைகீழாகும். சாதாரணப் படங்களில் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை, சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிக்கான் இதற்குப் பிறகு வந்த மாடல்களில் சதுர பிக்ஸலுக்கே திரும்பிவிட்டது.

இன்னும் நன்றாக இருப்பவை

முதலில் உடம்பு. மெக்னீசியம் கலவை, பேட்டரி இல்லாமலே 1.1 கிலோ. செங்குத்தாகப் பிடிக்கத் தனி கைப்பிடியும் தனி ஷட்டர் பட்டனும் உண்டு. இரண்டு மணி நேரம் கழுத்தில் மாட்டியிருந்தால் கழுத்து கேள்வி கேட்கும் என்பது வேறு விஷயம். கண்ணாடிப் பிரிசம் வழியே தெரியும் காட்சிக்கு மின்சாரமோ ரெஸல்யூஷனோ தேவையில்லை. அதில் பழசு புதுசு என்ற வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

இரண்டாவது, பிளாஷ். டி1எக்ஸின் மிகப் பெரிய பலம் என்று நான் இதைத்தான் சொல்வேன். பிளாஷைப் பயன்படுத்தும்போது ஷட்டர் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் படத்தின் ஒரு பகுதி இருட்டாகிவிடும். இன்றைய பல கேமராக்களில் இந்த வரம்பு 1/200 அல்லது 1/250 நொடி. டி1எக்ஸில் 1/500. இதன் சிசிடி சென்சாரே எலெக்ட்ரானிக் ஷட்டராகவும் வேலை செய்வதால் இது முடிகிறது. பிளாஷ் இல்லாமல் 1/16,000 நொடி வரை போகலாம்.

1/500-ல் என்ன லாபம்? உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 125-ல் 1/125 நொடிக்கு எஃப் 16 என்பது பழைய பிலிம் காலத்துக் கணக்கு. 1/250 என்றால் எஃப் 11, 1/500 என்றால் எஃப் 8. வெயிலில் நிற்கும் மணமக்களின் கண்களுக்குக் கீழே விழும் கருநிழலை பிளாஷ் அடித்துத்தான் போக்க வேண்டும். எஃப் 11-க்குத் தேவைப்படும் பிளாஷ் வெளிச்சத்தில் பாதி போதும் எஃப் 8-க்கு. அதே பிளாஷ், இரண்டு மடங்கு பலம் பெற்றது போல. பிளாஷ் பேட்டரியும் அதிக நேரம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. டி1எக்ஸ் பேசுவது டி-டிடிஎல் என்ற பழைய பிளாஷ் மொழி. எஸ்பி-28டிஎக்ஸ், எஸ்பி-80டிஎக்ஸ் ஆகியவற்றுக்கும் பின்னால் வந்த எஸ்பி-600, எஸ்பி-800-க்கும் அது தெரியும். எஸ்பி-900 முதலானவற்றுக்குத் தெரியாது. அவற்றில் ஆட்டோமேட்டிக் டிடிஎல் கிடைக்காது. மேனுவலில் வைத்து நீங்களே அளவு பார்க்க வேண்டும்.

மூன்றாவது, லென்ஸ். வீட்டில் யாராவது பிலிம் காலத்தில் வாங்கிய நிக்கான் ஏஎஃப் லென்ஸ் வைத்திருந்தால் இந்தக் கேமரா அவற்றுக்கு நல்ல துணை. அந்த லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் ஒரு சிறிய திருகு வழியாக அவற்றைச் சுழற்றும். டி1எக்ஸில் அந்த மோட்டார் இருக்கிறது. பின்னால் வந்த டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. புதிய இசட் வரிசைக்காக நிக்கான் விற்கும் எஃப்.டி.இசட். அடாப்டரிலும் இல்லை. 50 எம்.எம். லென்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சென்சார் சிறியது என்பதால் 75 எம்.எம். பார்வை கிடைக்கும். முகங்கள் எடுக்க அருமையான அளவு.

வயதான கம்ப்யூட்டர்

இனி சிக்கல்கள். முதலில் மெமரி கார்டு. டி1எக்ஸில் காம்பாக்ட் பிளாஷ் கார்டுதான் போட முடியும். அதிலும் 2 ஜி.பி.க்கு மேல் வேண்டாம். காரணம் ஃபேட் 16 என்ற பைல் முறை. அது கார்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டில் ஓர் எண் கொடுக்கிறது. 16 பிட்டில் 65,536 எண்களுக்கு மேல் இல்லை. ஒரு கட்டம் அதிகபட்சம் 32 கே.பி. பெருக்கினால் 2 ஜி.பி. அதற்கு மேல் உள்ள இடத்தை எண்ணத் தெரியாது. பெரிய கார்டுகள் எளிதாகக் கிடைக்கும் இன்று, சிறிய கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஒரு ரா பைல் சுருக்காமல் சுமார் 7.6 எம்.பி. வரும், ஆகவே 2 ஜி.பி.யில் 250 படங்கள். ஒரு நாளைக்கு எனக்கு இது போதும். கார்டை கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். விண்டோஸ் வேறு பைல் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கேமரா கார்டை ஏற்காது.

அடுத்து கேபிள். கம்ப்யூட்டரோடு இணைக்க டி1எக்ஸில் இருப்பது பயர்வயர். யுஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட் கடத்திய காலத்தில் பயர்வயர் 400 கடத்தியது. அன்றைக்கு அது சரியான தேர்வு. இன்றைய லேப்டாப் எதிலும் அந்த போர்ட் இல்லை. ஆனால் இது பெரிய கவலை அல்ல. ஒரு கார்டு ரீடர் வாங்கினால் பயர்வயரை மறந்துவிடலாம்.

கவலைப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றித்தான். இஎன்-4 என்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக். உள்ளே 1.2 வோல்ட் செல்கள் ஆறு, மொத்தம் 7.2 வோல்ட். இந்த வகை செல்கள் சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இழக்கும். இத்தனை வருடத்தில் பெரும்பாலான பேக்குகள் செத்திருக்கும். சித்தப்பா கொடுத்த மூன்றில் ஒன்று மட்டுமே சார்ஜ் ஏறுகிறது, அதுவும் அறுபது எழுபது படங்களுக்குள் மூச்சு வாங்குகிறது. வேறு கம்பெனிகள் செய்யும் மாற்று பேக்குகள் உண்டு, ஆனால் தரம் ஒன்றுபோல் இல்லை. செல்களை மட்டும் மாற்றித் தரும் கடைகளும் உண்டு. அப்படிச் செய்தால் செல்களை ஸ்பாட் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சால்டரிங் சூடு செல்லைக் கெடுத்துவிடும். பழைய சார்ஜரைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். சார்ஜர் இல்லாத டி1எக்ஸ், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

திரை 2 அங்குலம், 1,30,000 புள்ளிகள். படம் கூர்மையாக விழுந்ததா என்று இதில் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெளிச்சம் கூடியதா, குறைந்ததா என்று காட்டும் ஹிஸ்டோகிராமை மட்டும் நம்புங்கள். நொடிக்கு 3 படம் வீதம் 9 படம் எடுத்ததும் கேமரா நின்றுவிடும், கார்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வீடியோ கிடையாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை இருட்டு. ஐ.எஸ்.ஓ. 125 முதல் 800 வரை. அதற்கு மேல் இரண்டு படிகள் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அவசரத்துக்குத்தான். 800-லேயே நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் உங்கள் மொபைல் போன் இதைத் தோற்கடித்துவிடும், இதில் சந்தேகமே வேண்டாம். போனின் சென்சார் எவ்வளவோ சிறியதுதான். ஆனால் நீங்கள் ஒரு முறை தொடும்போது அது பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரைச்சலைச் சராசரியில் கரைத்துவிடுகிறது. அங்கே சிறிய கேமராவுக்குப் பெரிய கம்ப்யூட்டர். இங்கே பெரிய கேமராவுக்குச் சிறிய கம்ப்யூட்டர்.

அட்டைப்பெட்டியில் இருந்த சிடிக்கள்

சித்தப்பா ஸ்டுடியோவை மூடிய செய்தி தெரிந்ததும் ஒரு பெண்மணி அவரைத் தேடி வந்தார். 2006-ல் அவர் திருமணத்துக்கு இந்த டி1எக்ஸில்தான் படம் எடுத்தார்கள். அவருடைய தந்தை அடுத்த சில மாதங்களில் இறந்துவிட்டார். ஆல்பத்தில் தந்தை பத்துப் பேருக்கு நடுவில் நிற்கும் படம் ஒன்றுதான் இருந்தது. "வேற ஏதாவது இருக்குமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார்.

சிடி கிடைத்தது, ஆனால் பாதியில் படிக்க மறுத்தது. எழுதக்கூடிய சிடிக்களில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் அதை மெல்லக் கெடுத்துவிடும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முடியாதவற்றைத் திரும்பத் திரும்ப முயலும். இரவு முழுக்க ஓடவிட்டேன். ஆறு பைல்கள் தவிர எல்லாம் வந்தன. எல்லாமே நிக்கானின் என்.இ.எஃப். ரா பைல்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரா பைலின் அமைப்பை நிறுவனம் வெளியே சொல்வதில்லை. அன்றைக்கு சித்தப்பா பயன்படுத்திய நிக்கான் கேப்சர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சாப்ட்வேர். நான் பைல்களைத் திறந்தது டிசிரா மூலம். நிறுவனங்கள் சொல்லாத ரா பைல் அமைப்புகளை ஆராய்ந்து கண்டுபிடித்து, யாரும் பயன்படுத்தும்படி அதை வெளியிட்டார் காஃபின். அதன் அடிப்படையில் வளர்ந்த லிப்ரா இன்று பல போட்டோ சாப்ட்வேர்களுக்குள் இருக்கிறது. நிக்கானும் 2021 முதல் என்.எக்ஸ். ஸ்டுடியோவை இலவசமாகத் தருகிறது.

மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் தந்தை பல இடங்களில் இருந்தார். ஆனால் ஐ.எஸ்.ஓ. 800, பின்வரிசை இருட்டு. முகத்தைப் பெரிதாக்கினால் வண்ணப் புள்ளிகள்தான் மிஞ்சின. நல்ல படம் கிடைத்தது வெளியே. மதியம் வாசலில் மகளை வழியனுப்பும்போது, உச்சி வெயிலில், பிளாஷ் அடித்து எடுத்த ஒரே படம். கண்களுக்குக் கீழே நிழல் இல்லை. வேட்டியின் வெள்ளை ஒரு ஓரத்தில் வெளுத்துப் போயிருந்தது, இந்த சென்சாரின் வழக்கமான குறை. 12-க்கு 8 அங்குலத்தில் பிரின்ட் போட்டோம். 3,008 பிக்ஸல் அகலம் என்றால் அங்குலத்துக்கு 250 பிக்ஸல், சுவரில் மாட்டும் படத்துக்குத் தாராளம். அதையே 4கே டிவியில் முழுத்திரையில் போட்டால் மட்டும் பிக்ஸல் பற்றாது.

உங்கள் வீட்டிலும் இப்படி சிடிக்கள் இருந்தால் இந்த மாதமே ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். ரா பைலோடு ஜேபெக் நகல் ஒன்றும் சேர்த்து வையுங்கள்.

வாங்கப் போனால்

பகல் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுக்கிறவர், பழைய லென்ஸ் கையில் இருப்பவர், புகைப்படக் கலையை அடிப்படையிலிருந்து கற்க நினைப்பவர் வாங்கலாம். வீட்டு விசேஷங்களுக்கு ஒரே கேமராவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு வேண்டாம். நல்ல 50 எம்.எம். லென்ஸ் ஒன்றின் விலைக்கு மேல் உடம்புக்கு மட்டும் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

போகும்போது ஒரு சிறிய டார்ச்சும் 2 ஜி.பி. கார்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு போடும் பள்ளத்தில் டார்ச் அடித்தால் இரண்டு வரிசையாக 50 ஊசிகள் தெரியும். ஒன்று வளைந்திருந்தாலும் வாங்காதீர்கள். பேட்டரி, கைப்பிடி ரப்பர், செங்குத்து ஷட்டர் பட்டன் எல்லாவற்றையும் சோதியுங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஐ.எஸ்.ஓ. 800-ல் 30 நொடி ஒரு படம் எடுங்கள். சிவப்பு, நீலப் புள்ளிகள் எத்தனை என்று தெரியும். அடுத்து எஃப் 16-ல் வெறும் வானத்தை ஒரு படம். சென்சார் மேல் இருக்கும் தூசி கரும்புள்ளிகளாக விழும். இந்தக் கேமராவுக்குத் தானாகத் தூசி உதறத் தெரியாது. தூசியை ரப்பர் ஊதுகுழலால் போக்கலாம். பூஞ்சை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது வேறு வேலை, செலவும் வேறு. இரண்டு படங்களையும் கேமராத் திரையில் பார்க்காதீர்கள், லேப்டாப்பில் போட்டு 100 சதவீதத்தில் பாருங்கள்.